பத்தின் அடுக்கும் பாகுநிலையும்

பாகுநிலை அளவீடு பற்றிய கருத்தரங்கைத் தொடங்கிவைக்கும் தலைமை உரைக்கு அலகு மாற்றம் ஒரு பொருளா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஒரு பாஸ்கல் வினாடி 10 பாய்ஸ். ஒரு சென்டிபாய்ஸ் ஒரு மில்லிபாஸ்கல் வினாடி. பதினோராம் வகுப்பு மாணவர் போடுகிற கணக்குத்தான். பெருக்கல் எளிது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அலகு மாறும்போது, எண்ணோடு ஒட்டியிருந்த செய்திகள் வழியில் உதிர்ந்துவிடுகின்றன. எந்த வெப்பநிலையில் எடுத்தது, எத்தனை இலக்கம்வரை நம்பத்தக்கது என்பவை முதலில் போகின்றன. பாகுநிலையின் வீச்சு மிகப் பெரியது. அதனால் இந்த இழப்பு இங்கே பிற துறைகளைவிட அதிகமாகக் கெடுதல் செய்கிறது என்பதே என் வாதம்.

20 டிகிரி செல்சியஸில் காற்றின் பாகுநிலை ஏறத்தாழ 1.8×10⁻⁵ பாஸ்கல் வினாடி; நீருக்கு 1.0016×10⁻³. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் 1927-இல் புனலில் ஊற்றிவைத்த தார்க்கீலுக்கு 1984-இல் கணக்கிட்டுச் சொன்ன மதிப்பு 2.3×10⁸. நீரைப்போல் ஏறக்குறைய 23,000 கோடி மடங்கு. அதன் ஒன்பதாவது சொட்டு 2014-இல்தான் பிரிந்தது. உருகிய கண்ணாடி குளிர்ந்து இறுகுகிற எல்லையை 10¹² என்று கொள்கிறோம். புவியின் கவசம் 10²¹. கீழ்க்கோடியில், கெல்வினின் பத்துலட்சத்தில் சில பங்கு வெப்பநிலைக்குக் குளிர்விக்கப்பட்ட லித்தியம்-6 வாயு 10⁻¹⁵ அளவில் நிற்கிறது. இரண்டு கோடிகளுக்கும் இடையே பத்தின் அடுக்கு முப்பத்தாறு. இத்தனை நீண்ட ஏணியில் ஒரு படி தவறினால் பார்ப்பவர் கண்ணுக்குப் படாது. பாய்ஸுக்கும் பாஸ்கல் வினாடிக்கும் உள்ள வேறுபாடு சரியாக அந்த ஒரு படிதான்.

கவசத்தையே எடுத்துக்கொள்வோம். பனியுகத்தின் பனிப்பாறை உருகியபின் ஸ்காண்டிநேவியா உயர்ந்துவருவதைக் கொண்டு 1935-இல் புவி இயற்பியலாளர் ஹாஸ்கெல் கணித்த பாகுநிலை சுமார் 10²² பாய்ஸ்; அதாவது 10²¹ பாஸ்கல் வினாடி. இந்த 22 என்ற அடுக்கை அலகு பாராமல் பாஸ்கல் வினாடிக்குள் போட்டால் என்ன ஆகும்? 3,000 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம் நிமிர்வதற்கான காலத்தை எளிய மாதிரி 10²¹-க்கு ஏறத்தாழ 4,000 ஆண்டு என்கிறது. 10²²-க்கு 40,000 ஆண்டு. பனி விலகி 10,000 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், முதல் கணக்கில் உயர்வின் பத்தில் ஒன்பது பங்கு முடிந்திருக்கும். இரண்டாவதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். சுவீடனின் உயர்கரைப் பகுதியில் பழைய கடற்கரைக் கோடு இன்று கடல்மட்டத்துக்கு 286 மீட்டர் மேலே கிடக்கிறது. இரண்டாவது கணக்கு சரியானால் இதைப்போல் பல மடங்கு உயர்வு இன்னும் பாக்கி இருக்கவேண்டும். அதற்கு எந்தச் சான்றும் இல்லை.

கவசத்தின் பாகுநிலையே ஆழத்துக்கு ஆழம் பத்து மடங்குக்கு மேல் மாறக்கூடியது, அங்கே ஒரு படி பிசகினால் என்ன என்று புவியியலார் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அளவீட்டின் ஐயம் மேலும் கீழுமாக இருபுறமும் பரவுகிறது. அலகுப் பிழையோ எப்போதும் ஒரே திசையில் தள்ளுகிறது. எத்தனை அளவீடுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தாலும் அது கரையாது. ஸ்காண்டிநேவியாவில் பிழையைக் காட்டிக்கொடுக்கக் கடற்கரை இருக்கிறது. யூரோப்பா நிலவின் பனிக்கட்டி ஓட்டுக்கு அப்படியொரு சாட்சி இல்லை.

எதிர்ப்பக்கத்துப் பிழை, இல்லாத துல்லியத்தைச் சேர்ப்பது. தாங்கி உருளைகளுக்கு எண்ணெய் தேர்கிற அமெரிக்கப் பொறியாளர்கள் ரெய்ன் என்ற அலகை வைத்திருக்கிறார்கள். ஒரு ரெய்ன் 6894.76 பாஸ்கல் வினாடி. (பவுண்டு நிறையா, பவுண்டு விசையா என்று கேட்காமல் அடி-வினாடிக் கணக்கில் இறங்கினால் 32 மடங்கு பிசகும்; அது தனித் துன்பம்.) கவசத்தின் 10²¹-ஐ இந்த அலகுக்கு மாற்றச் சொன்னால் கணிப்பான் 1.450377×10¹⁷ என்று காட்டும். அடுக்கே உறுதியில்லாத அளவுக்கு ஏழு இலக்கம்! நீருக்கோ ஐந்து இலக்கமும் உழைத்துப் பெற்றவை, ஆனால் 20 டிகிரிக்கு மட்டும். 30 டிகிரியில் அதே நீர் 0.80 மில்லிபாஸ்கல் வினாடிக்கு இறங்கிவிடுகிறது. வெப்பநிலை சொல்லாத 1.0016-இல் கடைசி மூன்று இலக்கமும் வெறும் அலங்காரம்.

பழைய அலகுகளை அடியோடு விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லை. கண்ணாடித் தொழிலில் இளக்கப் புள்ளி 10⁷·⁶ பாய்ஸ், பதப்படுத்தும் புள்ளி 10¹³ பாய்ஸ் என்ற எண்கள் ஊறிப்போனவை. அவர்கள் பாய்ஸை விட்டு டெசிபாஸ்கல் வினாடிக்கு வந்து, எண்களை அப்படியே காப்பாற்றிக்கொண்டார்கள். கொஞ்சம் குறுக்குவழிதான், ஆனாலும் யாரையும் ஏமாற்றாத வழி. செட்டா, ஃபெம்டோ என்று முன்னொட்டு சேர்ப்பதைவிட இது எனக்கு மேலாகப் படுகிறது. முன்னொட்டு அடுக்கை மறைக்கிறது. நமக்கு வேண்டியதோ அடுக்குதான்.

மாற்று அட்டவணை எட்டாத இடமும் உண்டு. மோதல் எந்திரங்களில் உருவாகும் குவார்க்-குளுவான் பிளாஸ்மாவின் பாகுநிலை 10¹¹ பாஸ்கல் வினாடி அளவினது, தார்க்கீலையே விஞ்சுகிறது. ஆனாலும் அறியப்பட்ட பாய்மங்களில் மிகத் தங்குதடையின்றி ஓடுபவற்றுள் ஒன்று என்கிறார்கள். முரண் இல்லை. என்ட்ரோபி அடர்த்தியால் வகுத்துப் பார்த்தால், இருபத்தாறு அடுக்கு கீழே கிடக்கும் லித்தியம் வாயுவும் இதுவும் அருகருகே வந்துவிடுகின்றன. நீர் இரண்டையும்விடப் பல மடங்கு மேலே நிற்கிறது. எந்த அலகில் எழுதினாலும் பாகுநிலை எண் மட்டும் இதைச் சொல்லாது.

எனவே இக்கருத்தரங்கின் கட்டுரைகளுக்கு ஒரு நடைமுறையை முன்மொழிகிறேன். மதிப்பை முதலில் எடுத்த அலகிலேயே, வெப்பநிலையோடும் ஐய எல்லையோடும் தருக. பக்கத்தில் பாஸ்கல் வினாடியில் பத்தின் அடுக்காக எழுதுக. மூலத்தில் இல்லாத இலக்கத்தை மாற்றத்தில் சேர்க்கவேண்டாம். இதற்கு மறுப்பு உள்ளவர்கள் முதல் அமர்வின் விவாதத்திலேயே எழுப்பலாம். அதற்கென நேரம் ஒதுக்கும்படி அமர்வுத் தலைவரைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.