சக்திமானும் சனி நீராட்டும்



அமெரிக்காவில் 1967-லேயே சனிக்கிழமை காலையில் ஸ்பைடர்மேன் கார்ட்டூன் வந்துவிட்டது. எங்கள் ஆனைக்கரைக்கு அப்படியொரு சனிக்கிழமை வீரன் வர 1997 ஆயிற்று. செப்டம்பர் 13 அன்று தூர்தர்ஷனில் சக்திமான் ஆரம்பம். கார்ட்டூன் இல்லை, மனுஷர் நடித்ததுதான். பத்து வயசுக்கு அதெல்லாம் ஒரு வித்தியாசமா?

ஒரே சங்கடம், சனிக்கிழமை புருஷாளுக்கு எண்ணெய் ஸ்நானம். தாத்தா விட்டுக்கொடுக்க மாட்டார். கடைசியில் மணையை டி.வி. முன்னால் போட்டு, எங்கள் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே அவரும் பார்க்க ஆரம்பித்தார். எண்ணெய் ஊற நேரம் வேண்டுமே!

முகேஷ் கன்னாவைப் பார்த்ததும், "மகாபாரதத்துப் பீஷ்மர்னா இது! ஏன் இப்படி வேஷம் கட்டிண்டு சுத்தறார்?" என்றார். குண்டலினி, ஏழு சக்கரம் என்று வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீரனின் மறுவேஷப் பெயர் பண்டித கங்காதர் வித்யாதர் மாயாதர் ஓம்காரநாத் சாஸ்திரி. அந்த சாஸ்திரி காதில் விழுந்ததுதான் தாமதம், கண்ணாடியும் துருத்திய பல்லுமாக நின்றவன் "நம்மாத்துப் பையன்" ஆகிவிட்டான்.

எங்களுக்கு ஹிந்தி தெரியாது. தாத்தாதான் அர்த்தம் சொல்லுவார். வில்லன் கில்விஷ் கர்ஜித்தால், "எண்ணெய் தேய்ச்சுக்காத பசங்க எங்கேன்னு கேக்கறான்" என்பார். அசையாமல் உட்கார்ந்திருப்போம்.

பிறகு மும்பையில் வேலை, ஹிந்தியும் வந்தது. தாத்தா காலமான வருஷம் பழைய பாகங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். இருட்டே நிலைக்கட்டும் என்றுதான் கில்விஷ் சொல்கிறான். தாத்தாவுக்கும் ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அவர் சொன்ன கதையைத் தேடி இன்னும் நாலு பாகம் பார்த்தேன். அதில் எங்கும் இல்லை.