பிள்ளைகளுக்கு ஒரு உப்புமா கத்துக்கொடுங்க

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மைக் பிடிச்சுப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

போன வருஷம் எனக்கு ஆபரேஷன் ஆகி ஏழு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வீட்டுக்காரர் என் கூட இருந்தார். வீட்டில் ஒன்பதாவது படிக்கிற மகன், ஆறாவது படிக்கிற மகள், கண் சரியாத் தெரியாத மாமியார். அரிசி இருந்தது, ரவை இருந்தது, கேஸ் இருந்தது. சமைக்கத்தான் ஆள் இல்லை. ஏழு நாளும் கடைச் சாப்பாடு. 2,000 ரூபாய்க்கு மேல் போச்சு. அந்த மாசம் குழுக் கடன் தவணை கட்ட நான் கைமாத்து வாங்கினேன். பிள்ளைகள் மேல் கோபம் வரவில்லை. கத்துக்கொடுக்காதது நான்தானே?

உடம்பு தேறினதும் ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் அடுப்புக்கிட்ட நிறுத்தினேன். "ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா அடுப்பு?" என்று மாமியார் கேட்டாங்க. "பசி ஆம்பளை பொம்பளை பார்த்தா வருது அத்தை?" என்றேன். அதுக்கப்புறம் அவங்க ஒண்ணும் சொல்லவில்லை.

ஏன் உப்புமா என்றால், அளக்க, நறுக்க, வறுக்க, தாளிக்க, உப்பு பார்க்க, தீயைக் குறைக்க, எல்லாப் பாடமும் அந்த ஒரு சட்டியிலேயே இருக்கு.

ஒரு டம்ளர் ரவையைச் சின்னத் தீயில், நிறம் மாறாமல், வாசனை வரும் வரைக்கும் வறுத்துத் தனியாக வைக்கணும். எண்ணெய் காய்ந்ததும் கடுகு, அது வெடிச்சதும் உளுந்து, கடலைப்பருப்பு, அப்புறம் பச்சைமிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, வெங்காயம். அதே டம்ளரால் இரண்டரை டம்ளர் தண்ணீர். உப்பு போட்டு அந்தத் தண்ணியை ஒரு சொட்டு ஆறவைத்து நாக்கில் வைத்துப் பார்க்கணும். கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் ரவை சேர்ந்ததும் சரியாக வரும். தண்ணீர் கொதிச்சதும் தீயைக் குறைச்சு, ஒரு கையால் ரவையைத் தூவி, மறு கையால் கிளறணும். மூடி மூணு நிமிஷம். கடைசியில் அடுப்பையும் சிலிண்டரையும் மூடணும். அதுவும் சமையலில் சேர்ந்ததுதான்.

முதல் தடவை மகன் ரவையை மொத்தமாகக் கொட்டிட்டான். கட்டி கட்டியாக வந்தது. நான் திட்டவில்லை, கரண்டியையும் பிடுங்கவில்லை. நாம எடுத்துச் செய்துட்டா அவன் எப்போ கத்துக்குவான்? அடுத்த வாரம் மகள் தூவினாள், அவன் கிளறினான். கட்டி இல்லை.

உப்புமாவைச் சாதாரணமா நினைக்காதீங்க. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஆரம்பிச்சாங்க. 2023 ஆகஸ்ட் 25-இல் அது எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. சமைக்கிறது நம்மளை மாதிரி சுய உதவிக் குழுப் பெண்கள்தான். பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ என்று கணக்குப் போட்டு உப்புமா, கிச்சடி, பொங்கல் செய்து கொடுக்கிறாங்க. ஊர்ப் பிள்ளைகளுக்குச் சமைக்கிற நாம, நம்ம வீட்டுப் பிள்ளைக்குச் சமைக்கக் கத்துக்கொடுக்க வேண்டாமா?

நம்ம மறைமலைநகர் கம்பெனிகளுக்கு வெளியூர்ப் பையன்கள் வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்காங்க. காலை டிபனுக்கு 50 ரூபாய் என்றாலே மாசம் 1,500. நாளைக்கு நம்ம பிள்ளையும் ஏதோ ஒரு ஊரில் அப்படித்தான் இருக்கப் போகிறான்.

போன மாசம் குழுக் கூட்டம் முடிஞ்சு இருட்டினப்புறம் வீட்டுக்குப் போனேன். மாமியார் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. எனக்கும் ஒரு தட்டு மூடி வைத்திருந்தது. உப்பு கொஞ்சம் கூடத்தான். நான் சொல்லவில்லை, மாமியாரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்களும் பிள்ளைகளை அடுப்படிக்குக் கூப்பிடுங்க.