மாக்கோழியும் அரிவாளும்



யசோதர காவியத்தின் கதை சமண இல்லங்களுக்குப் புதிதன்று. உயிர்ப்பலி தருமாறு தாய் சந்திரமதி வற்புறுத்தியபோது, அவந்தி நாட்டு மன்னன் யசோதரன் அதற்கு உடன்படாது, மாவினாற் செய்த கோழியொன்றை வெட்டித் தேவிக்குப் படைத்தான். அங்கே எவ்வுயிரும் மாயவில்லை. ஆயினும் வெட்டுகையில் உள்ளத்தெழுந்த கொலைநினைவே வினையாகி, அவனைப் பிறவிதோறும் அலைக்கழித்தது. இன்று கைப்பேசித் திரையிற் சிறுவன் சுட்டு வீழ்த்தும் உருவங்களும் மாக்கோழிகளே. அவ்விளையாட்டு தீதா, தீதன்றா என்னும் வழக்கு ஆட்சி மன்றங்கள் வரை சென்றுள்ளது.

அமெரிக்க நாட்டில் இவ்வழக்கு நெடியது. 1999இல் கொலம்பைன் பள்ளியில் மாணவர் இருவர் பலரைச் சுட்டுக்கொன்றபோது, அவர்கள் ஆடிய ‘டூம்’ என்னும் விளையாட்டின்மேல் பழி விழுந்தது. வன்முறை விளையாட்டுகளைச் சிறார்க்கு விற்கலாகாதெனக் கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டம் செல்லாதென 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஆகஸ்டில் எல் பாசோ, டேட்டன் ஆகிய நகரங்களிற் பலர் சுட்டுக்கொல்லப்பட்டபின், அதிபர் டிரம்ப் மீண்டும் விளையாட்டுகளைக் குறைகூறினார். மறுத்தோர் கேட்ட கேள்வி எளியது. ஜப்பானியச் சிறுவரும் இவற்றை ஆடுகின்றனரே, அங்கே துப்பாக்கிச் சாவு மிக அரிதாயிருப்பது ஏன்? அங்கே துப்பாக்கி எளிதிற் கைக்கு வருவதில்லை. அமெரிக்க உளவியல் சங்கமும் 2020இல், இவ்விளையாட்டுகளுக்கும் முரட்டு நடத்தைக்கும் சிறு தொடர்பு உண்டெனினும், கொடுஞ்செயலுக்கு இவற்றைக் காரணமாக்கப் போதிய சான்றில்லை என்றது.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். விளையாட்டின்மேல் எடுத்த நடவடிக்கைகளோ தடுமாற்றமுடையவை. 2019 மார்ச்சில் இராஜ்கோட் காவல்துறை பப்ஜியைத் தடைசெய்து, ஆடிய இளைஞரைக் கைதும் செய்தது. 2020 செப்டம்பர் 2ஆம் நாள் நடுவணரசு 118 செயலிகளுள் ஒன்றாக அதனையும் தடைசெய்தபோது, கூறிய காரணம் நாட்டின் பாதுகாப்பு, வன்முறை அன்று.

தமிழகத்தின் தென்மாவட்டங்களிலோ அச்சம் தருவது அரிவாள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் வகுப்பைச் சேர்ந்த மாணவர் ஒருவரை, அவர் பயின்ற பள்ளியின் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டார். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியை உணர்த்த மாணவர் மணிக்கட்டிற் கட்டும் வண்ணக் கயிறுகளையும், பள்ளிப் பெயர்களில் ஒட்டியுள்ள சாதிச் சொற்களையும் நீக்க வேண்டுமென அது பரிந்துரைத்தது. அக்கயிற்றைக் கட்டிவிட்டது கைப்பேசி அன்று.

அரிவாளை ஒழிக்கவும் இயலாது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியில், மழை பொய்த்தால் சீமைக்கருவேலை வெட்டுவதும் கரிமூட்டம் போடுவதும் பிழைப்பாகின்றன. அரிவாளின்றி அவ்வேலை நடவாது. 2021இல் தமிழகக் காவல்துறை, பட்டறைகளில் அரிவாள் வாங்குவோரின் பெயரையும் முகவரியையும் குறித்துவைக்கப் பணித்தது. தேவையான விதிதான், ஆயினும் விறகு வெட்டுவோனும் ஆள் வெட்டுவோனும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து நிற்பர். அவர்தம் உள்ளத்தை ஏடு அறியாது.

இவ்வட்டாரம் சமணர்க்கு அயலன்று. குறண்டித் திருக்காட்டாம்பள்ளி இப்பகுதியில் விளங்கிய பெரும்பள்ளி. அதன் மாணாக்கர் மதுரைச் சமணமலையில் திருமேனிகள் செய்வித்ததைக் கல்வெட்டுகள் கூறும். இல்லறத்தார்க்கு ஆசாரியர் வகுத்த நெறியில் இன்றைய வழக்குக்கு நேரான விடை உண்டு. சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் விலக்கும் அநர்த்ததண்டங்கள் ஐந்தனுள் ஒன்று ஹிம்சாதானம். கொலைக்கு ஏதுவான பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்தல். அங்கே வாளோடு கோடரியும் மண்வெட்டியும் சேர்த்தே எண்ணப்பட்டுள்ளன. மற்றொன்று துச்சுருதி, சாகசம், பகை, செருக்கு முதலியவற்றால் உள்ளத்தைக் கலக்குவனவற்றைக் கேட்டல். (விளையாட்டு விளம்பரங்கள் இன்று கூவி விற்பதும் ‘சாகசம்’ என்னும் அச்சொல்லையே.)

அமெரிக்க அரசியலார் விளையாட்டைப் பழித்துத் துப்பாக்கியைக் காக்கின்றனர். அல்லது துப்பாக்கியைப் பழித்து விளையாட்டை விடுவிக்கின்றனர். ஆசாரியர் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மன்னிக்கவில்லை. எனினும் இரண்டும் ஒரே தரமல்ல. உள்ளத்தில் நிகழும் கொலையைச் சட்டத்தால் அளக்க முடியாது. அதைக் கவனிக்க வேண்டியோர் பெற்றோர். கருவியும் அதனை ஓங்கச் செய்யும் பகையும் அயலார் உயிரைத் தொடுவன. அங்கே அரசும் ஊரும் தலையிட்டே ஆகவேண்டும். கைப்பேசியைப் பறித்துவைத்த தந்தை, அன்று மாலையே பிள்ளையின் செவிபட அடுத்த தெருவாரை இழித்துப் பேசினால், பறித்ததனாற் பயனென்ன?

செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூவழியாலும் வினை சேரும் என்பது ஆகமம். காவியத்தில் கோழியை வெட்டிய யசோதரன் மயிலாய்ப் பிறந்தான். வெட்டச் சொன்ன சந்திரமதி நாயாய்ப் பிறந்தாள்.