பிள்ளைகளின் கண்ணியம் காப்போம்

 

திருநங்கை, திருநம்பிக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் எவ்வாறு நடத்துவது என்பது குறித்து, 2021இல் என்.சி.இ.ஆர்.டி. ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. ஆண், பெண் பாகுபாடற்ற கழிப்பறையும் சீருடையும் அதன் பரிந்துரைகளுள் சில. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஆட்சேபித்தது. சில நாட்களிலேயே கையேடு இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது. அவ்வாறு அகற்றியது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் அதிருப்தி தெரிவித்தது.

அப்பரிந்துரைகள் அனைத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி ஒதுங்குமிடம் வேண்டும் என்பதே நம் நிலை. ஆயினும் கேலிக்கு அஞ்சிப் படிப்பைக் கைவிடும் பிள்ளையும் அல்லாஹ்வின் படைப்பே. பிறவியில் ஆண், பெண் எனத் தெளிவுறாத ‘குன்ஸா’வின் நிலை வேறு, எனினும் அவர்களுக்குத் தொழுகையில் ஸஃப்பும் வாரிசுச் சொத்தில் பங்கும் வகுத்த ஃபிக்ஹு, எவரையும் எள்ளி நகையாட நமக்கு அனுமதி தரவில்லை.

நம் மதரஸாவில் நடை நளினமான சிறுவன் ஒருவனைப் பிற மாணவர்கள் பரிகசித்தபோது நாம் கேளாதவர்போல் இருந்துவிட்டோம். அவன் ஓத வருவதையே நிறுத்திவிட்டான். அக்குற்றம் நம்முடையது.

பெற்றோர்களே! பிள்ளை மனம் திறந்தால் அடிக்காதீர்கள், விரட்டாதீர்கள். பொறுமையுடன் கேளுங்கள், ஆசிரியரையும் மருத்துவரையும் கலந்து பேசுங்கள். வீட்டுக் கதவை நாம் அடைத்தால் பிள்ளை தெருவில் நிற்கும். மறுமையில் அதற்கு நாமே பதில் கூற வேண்டும்.

வல்ல ரஹ்மான் நம் மக்களைப் பாதுகாப்பானாக! ஆமீன்.