பாகிஸ்தான் தெருவோரப் பலகாரங்களும் பெண்களின் உழைப்பும்
(கூட்டமைப்பின் உணவுத் தொழில் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



பலகாரத் தொழில் பற்றிப் பேச வந்துவிட்டு பாகிஸ்தான் பேரை எடுக்கிறார்களே என்று சிலர் பார்க்கிறீங்க. டி.வி.யில் அந்த நாட்டைப் பற்றி வருவது பெரும்பாலும் சண்டைச் செய்திதான். ஆனால் அங்கேயும் காலையில் அடுப்பு மூட்டி, மாவு பிசைந்து, நாலு காசு பார்க்கிற லட்சக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் என்ன செய்து விற்கிறார்கள், அதில் பெண்களின் பங்கு என்ன என்று இன்றைக்குப் பார்ப்போம்.

முதலில் கராச்சி. கடற்கரை நகரம், பாகிஸ்தானிலேயே பெரிய ஊர். அங்கே பேர்போன பண்டம் ‘பன் கபாப்’. கடலைப்பருப்பையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து, மசாலா சேர்த்து மசித்து, வடை மாதிரி தட்டுவாங்க. சிலர் இறைச்சியும் சேர்ப்பார்கள். முட்டையை நுரை வர அடித்து, அதில் முக்கி, கல்லில் போட்டு எடுத்து, பன்னுக்குள் வெங்காயமும் சட்னியும் வைத்துக் கொடுப்பார்கள். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. அதே ஊரில் பர்ன்ஸ் ரோடு என்று ஒரு தெரு. 1947 பிரிவினையின்போது டெல்லிப் பக்கமிருந்து போன குடும்பங்கள் பல அந்தப் பகுதியில் குடியேறி, தங்கள் ஊர்ச் சமையலை அங்கே கொண்டு சேர்த்தன. தயிரில் ஊறிய வடையை ‘தஹி படே’ என்று சொல்லி அங்கே விற்கிறார்கள்.

லாகூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்வா பூரிக் கடையில் கூட்டம் நிற்கும். ரவை அல்வா, பூரி, கொண்டைக்கடலைக் குழம்பு மூன்றும் சேர்ந்ததுதான் அந்தக் காலை உணவு. பெஷாவர் பக்கம் போனால் ‘சப்லி கபாப்’. கொத்திய இறைச்சியோடு மக்காச்சோள மாவு, தக்காளி, ஒன்றிரண்டாக இடித்த மல்லி விதை, காய்ந்த மாதுளை விதை சேர்த்து, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டிப் பொரிப்பார்கள். முல்தான் ஊரில் ‘சோஹன் அல்வா’ விசேஷம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. எந்தப் பண்டம் எப்போது போகும் என்பது அந்த வியாபாரிகளுக்கு மனப்பாடம். குளிர்காலத்தில் மணலில் வறுத்த வேர்க்கடலை, சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சூடான அவித்த முட்டை. வெயில் காலத்தில் கரும்புச்சாறு, ஐஸைச் சீவி கலர் பாகு ஊற்றித் தரும் ‘கோலா கண்டா’. (கரும்புச்சாற்றை 2019இல் தேசிய பானம் என்றே அந்த அரசு அறிவித்தது.) ரமலான் மாதத்தில் மாலை நோன்பு திறக்கும் நேரத்துக்கு பக்கோடா, சமோசா, கொண்டைக்கடலை சாட், பழ சாட். ஒரே பொருளை வருஷம் முழுக்கப் போட்டுக்கொண்டு “ஓடலையே” என்று உட்காராமல், காலத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்கிறார்கள். மூலப்பொருளும் விலை உயர்ந்தது இல்லை. கடலை மாவு, உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை அவ்வளவுதான். கொண்டைக்கடலை பஞ்சாப் மாகாணத்தின் ‘தல்’ என்ற மணற்பாங்கான வறண்ட பூமியில் மழையை நம்பியே நிறைய விளைகிறது.

சுத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். பஞ்சாப் மாகாணத்தில் 2011 சட்டப்படி உணவு ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. 2015இல் அதன் அதிகாரியாக இருந்த ஆயிஷா மும்தாஜ் என்ற பெண்மணி, லாகூரில் சுத்தமில்லாத உணவகங்களுக்கு, பெரிய கடை சின்னக் கடை என்று பார்க்காமல், சீல் வைத்தார். கருத்த எண்ணெயையே மறுபடி மறுபடி காய்ச்சினால் மக்கள் உடம்பும் கெடும், கடையின் பேரும் கெடும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அங்கே தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் ஆண்கள். ஆனால் கிழங்கை வேகவைப்பது, பருப்பு அரைப்பது, வெங்காயம் நறுக்குவது, சட்னி அரைப்பது, ராத்திரி பாத்திரம் தேய்ப்பது? பல வீடுகளில் மனைவியும் மகளும்தான். ரமலான் வந்தால் வீட்டிலேயே சமோசாவும் ரோலும் செய்து ஆர்டருக்குக் கொடுக்கும் பெண்களும் உண்டு. “என்ன வேலை செய்றீங்க?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? “வீட்டில்தான் இருக்கேன்.” இந்தப் பதில் நமக்கும் புதுசு இல்லையே!

ஒரு கணக்குப் போடுவோம். புரிவதற்காக நாமே வைத்துக்கொண்ட தொகைதான் இது. ஒரு குடும்பம் ஒரு நாளில் 50 பன் கபாப், ஒன்று 100 ரூபாய் வீதம் விற்கிறது. (அங்கேயும் ரூபாய்தான், மதிப்பு வேறு.)

விற்பனை: 5,000 ரூபாய்
பொருள்கள்: 3,400 ரூபாய்
கேஸ், காகிதம், மற்றவை: 500 ரூபாய்
மீதி: 1,100 ரூபாய்

வீட்டுக்காரர் “இன்னைக்கு 1,100 லாபம்” என்பார். அது லாபமா? வண்டியில் அவர் 6 மணி நேரம் நின்றார். வீட்டில் மனைவி 5 மணி நேரம் வேலை செய்தார். ஆக 11 மணி நேரம். 1,100ஐ 11ஆல் வகுத்தால் மணிக்கு 100 ரூபாய். அப்படியானால் அது முழுக்கக் கூலி. அதில் 500 ரூபாய் மனைவியின் கூலி. கூலியை எடுத்துவிட்டால் லாபம் என்று ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை. மனைவியின் நேரத்தைக் கணக்கில் எழுதாத வரை இது யார் கண்ணுக்கும் தெரியாது. விலையைக் கூட்டணுமா, செலவைக் குறைக்கணுமா என்று யோசிக்கவும் வழியில்லை.

இந்த உண்மையைச் சட்டத்தில் எழுத வைத்த பெண்கள் பாகிஸ்தானில் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தே வளையல் செய்பவர்கள், தைப்பவர்கள், இப்படிப் பலதரப்பட்ட பெண்கள் சங்கமாகச் சேர்ந்து பல வருஷம் குரல் கொடுத்தார்கள். அதன் பலனாக கராச்சி இருக்கும் சிந்து மாகாணத்தில் 2018இல் வீடுசார் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் உட்கார்ந்து வேலை செய்தாலும் அவர் தொழிலாளிதான், பதிவு செய்துகொள்ளலாம், சமூகப் பாதுகாப்பு கேட்கலாம் என்று அது சொல்கிறது. சட்டம் வந்த பிறகும் பதிவு வேலை மெதுவாகத்தான் நடந்தது. காகிதத்தில் இருப்பதைக் கைக்குக் கொண்டுவர இன்னொரு போராட்டம் தேவைப்பட்டது. ஆனாலும் “வீட்டில் சும்மா இருக்கேன்” என்ற சொல்லுக்கு அந்தப் பெண்கள் ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள்.

கடன் விஷயத்திலும் அப்படித்தான். 1996இல் லாகூரில் ‘கஷ்ஃப்’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. வங்கதேசத்து கிராமீன் வங்கியைப் பார்த்து, பெண்களுக்குச் சிறு கடன் கொடுக்க வந்த அமைப்பு அது. கடன் யார் பேரில் இருக்கு என்பது பெரிசில்லை சகோதரிகளே, அந்தப் பணத்தில் நடக்கும் தொழிலின் கணக்கு நோட்டு யார் கையில் இருக்கு என்பதுதான் பெரிசு. இதை நாம் நம் குழுக்களிலேயே பார்க்கிறோம்.

அதனால் இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்வோம். முறுக்கோ, வடையோ, ஊறுகாயோ, எது போட்டாலும் சரி. நோட்டில் மாவு, எண்ணெய், விறகு எழுதுகிற பக்கத்திலேயே ‘என் நேரம்’ என்று ஒரு வரி சேர்ப்போம். ஒரு வாரம் தொடர்ந்து எழுதுவோம். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டையும் எடுத்து வாங்க. சேர்ந்து உட்கார்ந்து விலையை முடிவு செய்வோம்.