இல்லத்துக் கணினியின் ஈகையும் மின்கட்டணமும்

(ஆவூரில் நடைபெற்ற விழாவில் ஆற்றிய உரை)



நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அண்மைக்காலமாக ஒரு புதிய விருப்பத்தோடு பெற்றோரிடம் வருகின்றனர். வீட்டிலிருக்கும் கணினி இரவு பகலாகச் சும்மா கிடக்கிறதே, அதன் ஆற்றலை மருத்துவ ஆராய்ச்சிக்கோ வானியலுக்கோ கணிதத்துக்கோ வழங்கலாமா என்று கேட்கின்றனர். நால்வகைத் தானமும் அறிந்த குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. தாய்மார்களோ, மின்கட்டணம் என்ன ஆகும், அறை சூடாகுமே என்கின்றனர். அந்தக் கவலையும் நியாயமானதே. இவ்விரண்டையும் ஒன்றாக வைத்து எண்ணிப் பார்ப்பதற்கே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் இந்த ஈகை எத்தகையது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய கணக்கைப் பல்லாயிரம் சிறு துண்டுகளாக்கி, உலகெங்கும் உள்ள வீட்டுக் கணினிகளுக்கு இணையம் வழியே அனுப்பி, விடைகளைத் திரும்பப் பெற்றுச் சேர்ப்பதே பகிர்வுக் கணிப்பு. 1999 மே மாதம் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தார் தொடங்கிய செட்டி அட் ஹோம் என்னும் திட்டத்தில், வேற்றுலக உயிர்களின் வானொலிக் குறிப்புகளைத் தேடுவதற்கு 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தம் கணினிகளை ஈந்தனர். அத்திட்டம் 2020 மார்ச் மாதத்தில் புதிய வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. ஆனால் அதிலிருந்து பிறந்த பாயின்க் என்னும் மென்பொருள் இன்றும் பல திட்டங்களைத் தாங்கி நிற்கிறது. 2004இல் ஐ.பி.எம். நிறுவனம் தொடங்கி, பின்னர் கனடாவின் டொராண்டோ நகரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்று நடத்திவரும் வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் அவற்றுள் ஒன்று. புற்றுநோய்க் குறிகளைத் தேடும் பணி அதில் நடந்துவந்திருக்கிறது.

இவற்றில் தமிழருக்கு உரிமையுள்ள இரண்டு உண்டு. புரதங்கள் மடங்கும் முறையைக் கணிக்கும் ஃபோல்டிங் அட் ஹோம் 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிற்று. ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளைய முடியும், எவற்றில் முடியாது என்பதை 1963ஆம் ஆண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரைந்து காட்டியவர் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய துணைவர்களும். இன்றளவும் புரத வடிவம் ஒன்று சரியா தவறா என்று பார்க்க அந்த வரைபடத்தையே உலகம் நாடுகிறது. மற்றொன்று இராமானுஜன் இயந்திரம். கும்பகோணத்துத் திண்ணையில் சிலேட்டில் எழுதி அழித்த அம்மேதையின் பெயரால் இஸ்ரேலின் டெக்னியன் நிறுவனத்தார் அமைத்த திட்டம் அது. தொடர் பின்னங்களில் புதிய சமன்பாடுகளைத் தேடும் இதன் முதல் முடிவுகள் 2021இல் நேச்சர் இதழில் வெளிவந்தன. அதற்கும் வீட்டுக் கணினிகள் உழைக்கின்றன.

இனிச் செலவுக்கு வருவோம்.

கணினிக்குள் செல்லும் மின்சாரம் கணக்குப் போடுகிறது என்கிறோம். ஆயினும் உள்ளே சென்ற ஒவ்வொரு வாட்டும் இறுதியில் வெப்பமாகவே வெளியே வருகிறது. 300 வாட் இழுக்கும் கணினி, அறையின் மூலையில் ஓயாமல் எரியும் 300 வாட் அடுப்புக்குச் சமம். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் அது வரமாகிறது. அங்கே அறையைச் சூடாக்கும் செலவில் ஒரு பகுதியைக் கணினியே ஏற்றுக்கொள்கிறது. நமக்கோ நிலைமை வேறு. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக்குப் பங்குனி நண்பகலில் ஏறிச் சென்றவர்க்கு இம்மாவட்டத்துப் பாறையின் சூட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அயல்நாட்டு அன்பர்கள் எழுதும் அறிவுரைகளை நம் பிள்ளைகள் அப்படியே பின்பற்றலாகாது என்பதற்கு இதுவே காரணம். குளிரூட்டி வைத்த அறையானால், அந்த 300 வாட் வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டி ஏறத்தாழ இன்னும் 100 வாட் உண்ணும்.

இப்போது கட்டணப் பட்டியல். 2024 ஜூலைக்குப் பின் வந்த பட்டியலில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. அப்பட்டியலின்படி, 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை ரூ.2.35, 400 வரை ரூ.4.70, 500 வரை ரூ.6.30. அதைக் கடந்தால் 600 வரை ரூ.8.40, 800 வரை ரூ.9.45, ஆயிரம் வரை ரூ.10.50, அதற்கும் மேல் ரூ.11.55. இன்னொரு நுட்பமும் உண்டு. 500ஐத் தாண்டிய வீட்டுக்கு இரண்டாவது நூறின் சலுகை விலை போய், அதுவும் ரூ.4.70 ஆகிவிடுகிறது. ஆகவே 501ஆவது யூனிட் தன் விலையோடு கூடுதலாக 235 ரூபாயையும் இழுத்துக்கொண்டு வருகிறது!

இரண்டு மாதத்தில் 360 யூனிட் எரிக்கும் நடுத்தரக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கட்டணம் 987 ரூபாய். இரவும் பகலும் ஓடும் 100 வாட் கணினி 60 நாளில் 144 யூனிட் உண்ணும். 60 வாட் கணினியானால் 86 யூனிட். 300 வாட்டானால் 432. இந்த யூனிட்டுகள் ஏற்கெனவே உள்ளவற்றின் தலைமேல் ஏறுவதால் பட்டியலின் உயர்ந்த படியில்தான் கணக்காகும். 60 வாட் இயந்திரம் கட்டணத்தில் ஏறத்தாழ 480 ரூபாய் கூட்டும். 100 வாட் இயந்திரம், 500ஐ நான்கே யூனிட்டால் தாண்டிவிடுவதால், 1,087 ரூபாய் கூட்டும். 300 வாட் இயந்திரம் 3,700 ரூபாய்க்கு மேல். குளிரூட்டியின் பங்கையும் சேர்த்தால் 5,200. வாட் ஐந்து மடங்கு ஆகும்போது பணம் ஐந்து மடங்கோடு நிற்கவில்லை, ஏறத்தாழ எட்டு மடங்கு ஆகிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டு மாதத்துக்கு ஐயாயிரம் ரூபாய் செலவிடக் கூடியவர், அதை நேரே ஒரு மாணவரின் கல்லூரிக் கட்டணத்துக்குத் தருவதே மேல் என்பது என் தாழ்மையான கருத்து. 480 ரூபாயானால் பிள்ளையின் விருப்பத்துக்கு இடங்கொடுக்கலாம்.

ஆகவே செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, எது மிக வேகமானது என்பதன்று. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எது மிகுதியான வேலை செய்கிறது என்பதே. இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை பெரும்பாலும் வேறு வேறாகவே வரும். காரணம் எளிது. செயலி உண்ணும் மின்திறன், அதன் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் பெருகுகிறது. வேகம் கூட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். வேகத்தையும் மின்னழுத்தத்தையும் ஐந்தில் ஒரு பங்கு குறைக்க முடிந்தால், 0.8ஐ மும்முறை பெருக்க 0.512 வருகிறது. ஐந்தில் ஒரு பங்கு வேலையை விட்டுக்கொடுத்து, பாதி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம்.

இந்தப் பாடத்தைத் தொழிலே பெருஞ்செலவில் கற்றது. 2004இல் இன்டெல் நிறுவனத்தின் பெண்டியம் 4 வரிசைச் செயலிகள் 100 வாட்டைத் தாண்டிச் சூடேறின. அவற்றுக்கு அடுத்ததாக எண்ணியிருந்த தேஜாஸ் என்னும் செயலியை அந்த ஆண்டு மே மாதமே கைவிட்டு, மெதுவாக ஓடும் இரட்டைக் கருக்களின் பக்கம் அந்நிறுவனம் திரும்பிற்று. 

இன்னும் நெருங்கிய சான்று வேண்டுவோர்க்கு ஒன்று சொல்கிறேன். மெர்சென் பகா எண்களைத் தேடும் ஜிம்ப்ஸ் என்னும் பகிர்வுக் கணிப்பில், 2018 டிசம்பரில் அதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய பகா எண் அகப்பட்டது. 2 கோடியே 48 இலட்சத்து 62 ஆயிரத்துச் சொச்சம் இலக்கங்கள். அதைக் கண்டது அமெரிக்காவின் புளோரிடாவில் தன்னார்வலர் ஒருவருடைய சாதாரணக் கணினி. அதில் இருந்தது இன்டெல் ஐ5-4590டி என்னும் 35 வாட் செயலி. 12 நாள் இடைவிடாமல் ஓடிற்று. செயலி முழு 35 வாட்டில் உழைத்ததாகக் கொண்டாலும் 10 யூனிட்டுதான். அதே குடும்பத்தில் டி என்னும் எழுத்தில்லாத ஐ5-4590 என்பதும் உண்டு. அதற்கும் நான்கே கருக்கள்தாம். ஆனால் அடிப்படை வேகம் 2 கிகாஹெர்ட்சுக்கு மாறாக 3.3, மின்திறன் 84 வாட். கடைக்காரர் இரண்டாவதைத்தான் முன்னே எடுத்து வைப்பார்.

பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் எண்ணையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 125 வாட் என்று குறித்த ஐ9-13900கே, முழு மூச்சில் 253 வாட் வரை போகும். 170 வாட் என்று குறித்த ரைசன் 9 7950எக்ஸ் 230 வரை போகும். பகிர்வுக் கணிப்போ எப்போதும் முழு மூச்சுதான். ஆனால் இந்த ரைசனிலேயே சிக்கனமுறை ஒன்று உண்டு. கணினி தொடங்கும்போது வரும் அமைப்புப் பக்கத்தில் 65 வாட் முறையைத் தேர்ந்தால் அது 88 வாட்டுக்குள் அடங்கி நிற்கும். பதினாறு கருக்களும் வேலை செய்துகொண்டேயிருக்கும். அதிகக் கருக்கள் உள்ளதை வாங்கி அடக்கி ஓட்டுவதே, குறைந்த கருக்களை விரட்டி ஓட்டுவதைவிட இலாபம்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. செயலி மட்டுமே கணினியன்று. தாய்ப்பலகை, நினைவகம், வட்டு, விசிறி, மின்வழங்கி எல்லாம் சேர்ந்து, செயலி தூங்கினாலும் இருபது, முப்பது வாட் உண்ணும். ஆகவே உறவினர் கொடுத்தார் என்று நான்கு பழைய கணினிகளை வரிசையாக அடுக்கினால், நான்கு முறை அந்த வீண்செலவு. இலவசமாக வந்த பழைய பெட்டி, ஓராண்டுக்குள் புதிய சிக்கனப் பெட்டியின் விலையில் பெரும்பகுதியை மின்கட்டணமாகத் தின்றுவிடக்கூடும். மின்வழங்கியில் தங்கத் தரம் பெற்றது பாதிச் சுமையில் 230 வோல்ட்டில் 92 விழுக்காட்டைக் கணினிக்குத் தருகிறது. பெயர் தெரியாத மலிவு வழங்கியில் எஞ்சியதெல்லாம் பெட்டிக்குள்ளேயே சூடு. வரைகலை அட்டைகளைப் பற்றிக் கேட்பீர்கள். சில திட்டங்களுக்கு அவை மிகத் திறமையானவை. ஆயினும் பெரிய அட்டை ஒன்று 450 வாட்டும் அதற்கு மேலும் கேட்கக்கூடும். நம் கோடைக்கு அது ஆகாது. மடிக்கணினியை நாள்முழுதும் ஓட்டினால் சூட்டில் மின்கலம் உப்பும். திறன்பேசியிலும் பாயின்க் ஓடும். ஆனால் மின்கலச் சூடு 40 பாகையை எட்டினால் தானே நின்றுவிடும்படி அதை அமைத்திருக்கிறார்கள். சித்திரையில் இங்கே அது பெரும்பாலும் நின்றேதான் இருக்கும்.

அறையின் வெப்பத்துக்கும் ஒரு கணக்குண்டு. விசிறி எவ்வளவு சுழன்றாலும் அறைக்காற்றைவிடச் செயலியைக் குளிர்விக்க முடியாது. அறை 24 பாகையாக இருக்கையில் 70 பாகையில் நின்ற செயலி, அதே சுமையில் அறை 38 ஆனால் ஏறத்தாழ 84இல் நிற்கும். சூடேறிய செயலியில் மின்கசிவும் மிகும். அதே வேலைக்கு இன்னும் சில வாட் கூடும். எனவே கணினியைப் பெட்டகத்துக்குள் வைக்காமல், மேற்குச் சுவரை ஒட்டாமல், சன்னல் ஓரத்தில் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி வையுங்கள். காற்றுப் புகும் வாயிலில் மெல்லிய வலை கட்டுங்கள். வெதுவெதுப்பை நாடி எறும்பும் பல்லியும் உள்ளே நுழைந்து விசிறியில் சிக்குவது நம் ஊர்களில் வழக்கம். வலை இருந்தால் அவ்வுயிர்களுக்கும் நலம், கணினிக்கும் நலம். வாரம் ஒருமுறை வலையின் தூசியைத் தட்டினால் போதும். மின்வெட்டைப் பற்றி அஞ்ச வேண்டாம். பெரும்பாலான திட்டங்கள் செய்த வேலையை இடையிடையே குறித்து வைத்துக்கொள்ளும்.

எதை வாங்குவது என்று முடிவாகக் கேட்பீர்களானால், புதிதாக வாங்க வேண்டிய தேவை வந்தாலொழிய இதற்கென்று கணினி வாங்காதீர்கள். வாங்கும் தேவை வந்தால், 35 அல்லது 65 வாட் என்று குறித்த, கருக்கள் மிகுந்த செயலியை வாங்குங்கள். பிளக்கில் செருகும் சிறிய மின் அளவி ஒன்றும் வாங்கி, கணினி முழுவதும் எத்தனை வாட் இழுக்கிறது என்பதைப் பிள்ளையையே ஒரு வாரம் எழுதச் சொல்லுங்கள். கூரையில் சூரியத் தகடு வைத்தவர்களுக்கு வேறு வழி உண்டு. பாயின்க் அமைப்பில் நேரம் குறிக்கும் இடம் இருக்கிறது. காலை பத்து முதல் மாலை நான்கு வரை என்று அதில் இட்டால், தகடு மின்சாரம் தரும் வேளையில் மட்டும் கணினி உழைக்கும். தகடு இல்லாதவர்கள் அதே இடத்தில் இரவு பதினொன்று முதல் காலை ஆறு வரை என்று இடலாம். 60 வாட் இயந்திரம் அப்போது இரண்டு மாதத்துக்கு 25 யூனிட்டுதான் கேட்கும். பங்குனி முதல் ஆனி வரை அதையும் நிறுத்தி வைத்து, ஆடிக்காற்று வந்தபின் தொடங்கலாம்.