ஒரு கம்ப்யூட்டர், நான்கு நாற்காலி

(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரை)



நம் சங்கம் துறை லேபுக்கு நான்கு கம்ப்யூட்டர் வாங்கித் தரப்போவதாகச் செயலாளர் சொன்னார். நல்ல காரியம். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு யோசனை. காலையில் லேபைப் போய்ப் பார்த்தேன். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். கீபோர்டு யார் கையில் இருக்கோ அவர் புரோகிராம் எழுதுகிறார், பக்கத்தில் இருப்பவர் வேடிக்கை பார்க்கிறார். நம்ம காலத்திலும் இதே கதைதான். வேடிக்கை பார்த்தது யார் யார்னு இங்கே பெயர் சொல்லப் போறதில்லை.

இத்தனைக்கும் அந்த இயந்திரம் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கு, நாம அடுத்த எழுத்தைத் தட்டுவதற்காகக் காத்துக்கிட்டு. அதைப் பங்கு போடுவது பழைய யோசனை. 1961-லேயே எம்.ஐ.டி.யில் கார்பட்டோ குழுவினர் ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தலாம் என்று செய்து காட்டினார்கள். பிரேசில் நாட்டின் பரானா மாநில அரசுப் பள்ளிகளில் 2000-களில் ஒரு பெட்டிக்கு நான்கு மானிட்டர், நான்கு கீபோர்டு வைத்து லினக்ஸில் நடத்தினார்கள்.

இன்று லினக்ஸில் இதற்கென்று தனி மென்பொருள் வாங்க வேண்டாம். சிஸ்டம்டி-யுடன் வரும் 'லாகின்சிடிஎல் அட்டாச்' கட்டளையில், இந்த கிராபிக்ஸ் கார்டும் இந்த யூ.எஸ்.பி. ஹப்பும் இரண்டாம் இருக்கைக்கு என்று சொல்லிவிட்டால், அங்கே தனி லாகின் திரை வரும். கடைக்காரர் நான்கு மானிட்டர் மாட்டக்கூடிய ஒரே கார்டைக் காட்டி, "இதுவே போதும் சார்" என்பார். போதாது. இருக்கைக்கு ஒரு கார்டு வேணும். அத்தனை கார்டு செருக இடமுள்ள மதர்போர்டாகப் பார்த்து வாங்கணும். இன்னொன்று, ஹப் எந்த போர்ட்டில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. யாராவது பிடுங்கி வேறு போர்ட்டில் செருகினால் அந்தக் கீபோர்டு முதல் இருக்கைக்குப் போய்விடும். மாணவர்களே, உங்களைத்தான் சொல்றேன்!

ஒருத்தர் நாற்பது பக்கங்களைத் திறந்துவைத்தால் மற்ற மூவரும் திணறுவார்கள். பயனாளருக்கு இவ்வளவுதான் நினைவகம் என்று சிஸ்டம்டி-யிலேயே வரம்பு போடலாம், போட்டே ஆகணும். பவர் சப்ளை போனால் நாலு பேரும் எழுந்து நிற்க வேண்டியதுதான். ஆகவே எட்டுப் பேருக்கு ஒரே பெட்டி கூடாது, இரண்டு பெட்டி வேணும். முப்பரிமாண வடிவமைப்பு செய்யும் இறுதியாண்டு மாணவர்களுக்குத் தனிக் கம்ப்யூட்டர்தான் சரி.

மிச்சமாவது பெட்டிச் செலவு மட்டும்தான். மானிட்டர் தலைக்கு ஒன்று வேணுமே? ஸ்டோர் ரூமில் தூசி படிந்து ஒரு வரிசையே கிடக்கிறது, எண்ணிப் பார்த்துட்டேன். இரண்டு வகைக்கும் கொட்டேஷன் வாங்கிய பிறகு சங்கம் முடிவு செய்யட்டும். என்னிடம் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு இருக்கு. முதல்வர் அனுமதித்தால் அடுத்த சனிக்கிழமை வந்து, லேபில் உள்ள ஒரு கம்ப்யூட்டரை இரண்டு பேருக்குப் பிரித்துக் காட்டுகிறேன்.